ஒரு பெயரைக் கூப்பிட்டால் ஆறு பேர்

காத்திருப்போர் அறைக் கதவைத் திறந்து நோயாளியின் பெயரைச் சொன்னால் ஆறு பேர் எழுந்திருப்பார்கள். பாட்டி, அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்திருக்கும் மகள், கைப்பையோடு இன்னொரு மகள், கார் ஓட்டி வந்த மருமகன், மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருக்குமோ என்று பள்ளிக்கு மட்டம் போட்ட பேத்தி, எதற்கு வந்திருக்கிறார் என்றே புரியாத பக்கத்து வீட்டு அம்மா. "அவர் மட்டும் வந்தால் போதும்." எங்கள் தொழிலின் முதல் வாக்கியம் இதுதான். சொன்ன உடனே ஆறு முகத்திலும் ஒரே சந்தேகம் ஓடும். தனியாக எதற்கு? அவர் தனியாக எங்கேயும் போனதில்லையே.

சிகாகோவின் தென்மேற்குப் பகுதியில் முதியவர்களுக்கு ஞாபகசக்திப் பரிசோதனை எடுப்பது பதினேழு வருடமாக என் வேலை. நான் டாக்டர் இல்லை. நோய் இன்னதென்று சொல்லும் அதிகாரம் எனக்குக் கிடையாது. பென்சில், ஸ்டாப்வாட்ச், படம் போட்ட அட்டைகள், மதிப்பெண் தாள் இவ்வளவுதான் ஆயுதம். இரண்டரை மணி நேரம் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, வந்த பதிலைச் சொன்னது சொன்னபடி எழுதி நிபுணரிடம் கொடுக்க வேண்டும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மெக்சிகோவில் பிறந்தவர்கள். நான் பாளையங்கோட்டை. ஸ்பானிஷில் பாதியை இங்கே மாலைக் கல்லூரியில் கற்றேன், மீதியைப் பதினெட்டாம் தெருக் காய்கறிக் கடைகளில். என் நிறத்தைப் பார்த்து முதலில் தங்கள் ஊர்க்காரி என்று நினைப்பார்கள். பிறகு உச்சரிப்பைக் கேட்டுவிட்டு, "நீங்கள் இந்தூவா?" என்பார்கள். அவர்கள் பேச்சில் இந்தியர் எல்லாருமே இந்தூதான். "ஆமாம் இந்தூ, ஆனால் கிறிஸ்தவள்" என்று சொல்லி ஒரு சிரிப்பை வாங்கிக்கொண்டுதான் ஸ்டாப்வாட்ச்சை எடுப்பேன்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மிச்சோவாகான் தாத்தா. (பெயர் சொல்லக் கூடாது. தவிர, எனக்கு இவர்களெல்லாம் ஊர்ப் பெயரால்தான் ஞாபகம்.) ஐம்பதுகளின் கடைசியில் பிராசெரோவாக வந்தவர். உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது 1942இல் அமெரிக்கா மெக்சிகோவோடு செய்துகொண்ட ஏற்பாடு அது. 1964 வரை லட்சக்கணக்கான ஆண்கள் ஒப்பந்தக் கூலிகளாக வயல்களுக்கு வந்து போனார்கள். இவர் மிச்சிகனில் சர்க்கரை பீட்ரூட் பிடுங்கினார். அப்புறம் சிகாகோவில் ஒரு தோல் பட்டறையில் இருபத்தெட்டு வருடம். படிப்பு இரண்டாம் வகுப்பு.

அவருக்கு மினி மென்டல் கொடுத்தேன். 1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியர் இன்னொரு மருத்துவரோடு சேர்ந்து வெளியிட்ட பரிசோதனை. மொத்தம் 30 மதிப்பெண், 24க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும் என்பது பொது வழக்கம். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். 93 வந்தது, அதற்குமேல் நின்றுவிட்டார். அதற்கு மாற்றாக, உலகம் என்று பொருள்படும் 'முந்தோ'வை எழுத்தெழுத்தாகத் தலைகீழாகச் சொல்லச் சொன்னேன். ஸ்பானிஷில் எழுதுவதைத்தான் படிப்பார்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லும் பழக்கம் அநேகமாக இல்லை. 'அம்மா'வுக்கு ஸ்பெல்லிங் சொல் என்று யாராவது கேட்டால் நாம் எப்படி விழிப்போமோ அப்படி விழித்தார். ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களை வரையச் சொன்னபோது பென்சிலை உளி மாதிரிப் பிடித்தார். கூட்டிப் பார்த்தேன், 16. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அறிக்கை போன பிறகு மகன் வந்தார். சத்தம் போடவில்லை. "போன வாரம் கூரை மாற்ற ஆள் வந்தான். சதுர அடிக் கணக்கில் இருநூறு டாலர் ஏமாற்றப் பார்த்தான். கண்டுபிடித்தது அப்பாதான். அதற்கு எத்தனை மார்க்?" என்றார். நிபுணர் தாத்தாவை மறுபடி வரவழைத்து, படிப்புக்கு ஏற்றபடி மதிப்பிடும் வேறு பரிசோதனைகளைக் கொடுத்துப் பார்த்தார். காது மந்தம், வயது. மறதிநோய் என்று சொல்ல எதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் என் அட்டைக்கட்டையே சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நிமிடத்தில் 'எஸ்' எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல் என்று ஒரு பரிசோதனை. பாட்டிமார் 'சபாத்தோ' என்பார்கள், 'சேனா' என்பார்கள். முதலாவதை 'இஸட்'டில் எழுத வேண்டும், இரண்டாவதை 'ஸி'யில். விதிப்படி இரண்டுமே தப்பு. மெக்சிகோக்காரர் வாயில் மூன்று எழுத்துக்கும் ஒரே ஒலிதான். நம் ஊர்ப் பாட்டியிடம் 'ன' வரும் சொல் கேட்டுவிட்டு, இது அந்த 'ண' என்று மார்க்கைக் குறைப்பதற்குச் சமம். இதனால்தான் ஸ்பானிஷ்காரர்களுக்குப் 'பி, எம், ஆர்' எழுத்துக்களைக் கொடுக்கும் வழக்கம் பிறகு பரவியது. பெயர் சொல்லும் பரிசோதனையில் பிரெட்ஸல் படம் வரும், பீவர் படம் வரும். ஹலிஸ்கோ மலைக் கிராமத்தில் பிறந்தவர் பீவரை எங்கே கண்டார்? எலி என்பார், போனால் போகிறதென்று பெரிய எலி என்பார்.

பிறகு அந்த 'மாந்தே'. மெக்சிகோவில் பெரியவர்கள் கூப்பிட்டால் 'என்ன?' என்று கேட்கக் கூடாது. 'மாந்தே' என்று கேட்க வேண்டும், கட்டளையிடுங்கள் என்று பொருள். சொற்பட்டியலை நான் வாசித்து முடித்ததும் காது நன்றாகக் கேட்கிற பாட்டிகூட மரியாதைக்கு ஒரு 'மாந்தே' போடுவார். பட்டியலைத் திருப்பி வாசிக்க விதி இடம் தராது. மரியாதை தெரிந்த குற்றத்துக்காக ஒரு வாய்ப்புப் போய்விடும். அந்த மரியாதையைத் திருப்பிக் கொடுக்க எங்கள் தாளுக்குத்தான் தெரியவில்லை. பழைய படிவம் ஒன்றில் கேள்விகள் எல்லாம் 'நீ' போட்டிருந்தன. ஆங்கிலத்தில் நினைத்து ஸ்பானிஷில் எழுதியவருக்கு அது உறுத்தவில்லை. எனக்கு முதல் நாளே உறுத்தியது. எண்பது வயதுக்காரரை 'இன்றைக்கு என்ன தேதி, சொல்லு' என்று கேட்க எனக்கு நாக்கு வராது. 'உஸ்தேத்' என்று மாற்றித்தான் வாசித்தேன்.

பின்னாளில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டான் முங்காஸ் குழுவினர், ஆங்கிலத்துக்கும் ஸ்பானிஷுக்கும் தொடக்கத்திலிருந்தே சேர்த்து வடிவமைத்த பரிசோதனைத் தொகுப்பு என் கைக்கு வந்தது. கருவி திருந்தியது. ஆனால் இந்தத் தொழிலில் என்னை நிஜமாகவே கவிழ்த்தவர் ஸகாத்தேகாஸ் பாட்டி.

வயது எழுபத்தெட்டு. ஐந்து பிள்ளைகள், எல்லாரும் சிகாகோவைச் சுற்றியே இருக்கிறார்கள். மறதி எப்போது ஆரம்பித்தது என்று மூத்த மகளைக் கேட்டேன். "அப்பா செத்த அன்றைக்கு" என்றார் பட்டென்று. அடக்கம் முடிந்த இரண்டாவது வாரத்திலேயே அடுப்பை அணைக்காமல் விட்டிருக்கிறார். தெரிந்த பாதையில் பஸ்ஸை மாற்றி ஏறியிருக்கிறார். அதுவரை அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை, துக்கம்தான் மூளையைத் தாக்கிவிட்டது என்றார்கள் ஐந்து பேரும். துக்கம் மறதி மாதிரி வேடம் போடும் என்பது உண்மைதான். ஆனால் என் எதிரே உட்கார்ந்திருந்த பாட்டியின் மறதி இரண்டு மாதத்தில் வந்ததல்ல. ஐந்து நிமிடத்துக்கு முன் காட்டிய படத்தை மறுபடி காட்டியபோது, புதிதாகப் பார்ப்பவர் மாதிரி மகிழ்ந்தார்.

எனக்கு அப்போது கிறிஸ்துமஸ் தமால் ஞாபகம் வந்தது. அரைத்த சோளமாவைப் பன்றிக் கொழுப்போடு அடித்துப் பிசைந்து, ஊறவைத்த சோள மடலில் தடவி, நடுவே இறைச்சி வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் பண்டம். டிசம்பரில் ஒரு நாள் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் ஒரு சமையலறையில் கூடி நூற்றுக்கணக்கில் செய்வார்கள். அந்தச் சமையலறையில் யார் எங்கே உட்கார்வது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. மாவுக்கு உப்புப் போட்டு, ஒரு உருண்டையைத் தண்ணீர்க் கோப்பையில் போட்டு, மிதக்கிறது, போதும் என்று தீர்ப்புச் சொல்வது வீட்டு மூத்தவளின் உரிமை. 'சாசோன்' என்பார்கள், நம் கைப்பக்குவம்தான். அடுத்த படியில் மடலில் மாவு தடவுபவர்கள். அதற்கும் கீழே, ஊறின மடலைப் பிரித்துத் துடைத்து அடுக்குகிறவர்கள், பெரும்பாலும் சிறுமிகள்.

"போன கிறிஸ்துமஸுக்கு அம்மா எங்கே உட்கார்ந்தார்?" என்று மகளைக் கேட்டேன். மடல் துடைத்தாராம். அதற்கு முந்தின வருடம்? மாவு தடவினார். அதற்கு முந்தின வருடம்? மகள் யோசித்தார். அந்த வருடம் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அப்பா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்கள் அம்மா களைத்துப்போய்விட்டாள், இனி மூத்தவளே பிசையட்டும்" என்றிருக்கிறார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது."

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வாசலில் யார் வந்து நின்றாலும், "பார் கிழவி, இன்னார் வந்திருக்கிறார்" என்று அப்பா உரக்கப் பெயரைச் சொல்லித்தான் உள்ளே அழைப்பாராம். அம்மா அடையாளம் தெரியாமல் தடுமாற வேண்டி வரவே வராது. மாத்திரைகளை முட்டை அட்டையின் குழிகளில் கிழமைவாரியாகப் போட்டு வைத்திருந்தார். போனில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு அம்மாவின் பின்னால் நின்று பதிலை முணுமுணுத்தார். நாலு வருடம். அந்தக் கிழவர் எனக்கு ஒருநாளும் எதிரே உட்காரவில்லை, ஆனால் என் பரிசோதனைகளை எல்லாம் எனக்கு முன்னாலேயே எடுத்து முடித்திருந்தார்.

இப்போதெல்லாம் குடும்பத்தாரிடம் "மறதி இருக்கிறதா?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால், "யா எஸ்தா வியெஹீதா" என்பார்கள், வயசாகிவிட்டது அவ்வளவுதான். அம்மாவைப் பற்றி அந்நியரிடம் குறை சொல்வது ரெஸ்பெத்தோவுக்கு இழுக்கு, மரியாதைக் குறைவு. நான் கேட்பது வேறு: முன்பு அவரே செய்துவந்து இப்போது நீங்கள் செய்கிற வேலை என்ன? முதல் வேலையை எப்போது கையில் எடுத்துக்கொண்டீர்கள்? வாடகை யார் கட்டுகிறார்கள், பூசையில் யார் வாசிக்கிறார்கள், கல்யாண மொய் யார் எழுதுகிறார்கள்? பிள்ளைகள் தயங்கினால், எதற்கு வந்திருக்கிறார் என்று முதலில் எனக்குப் புரியாத அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடுவேன். அநேகமாக அவர் கொமாத்ரேயாக இருப்பார். பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் கைதொட்ட தாய்க்கும் பெற்ற தாய்க்கும் உள்ள உறவு அது. எனக்குத் தெரிந்து நம்மில் அதற்கு நேர்ச்சொல் இல்லை. சம்பந்தி மாதிரி, ஆனால் சண்டை குறைவு. பிள்ளைகள் மறைப்பதைக் கொமாத்ரே மறைக்க மாட்டார். மறைப்பதென்று முடிவு செய்துவிட்டால் அவரை மிஞ்சவும் ஆளில்லை.

இந்த உறவெல்லாம் மூளைக்கு நல்லதா என்று கேட்பவர்களுக்கு ஆய்வாளர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. 1993இல் தொடங்கி, டெக்சஸ், கலிஃபோர்னியா, அரிசோனா, நியூமெக்சிகோ, கொலராடோ ஆகிய ஐந்து மாநிலங்களில் 65 வயதைத் தாண்டிய 3,050 மெக்சிகோ வம்சாவளியினரைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். கால்வெஸ்டனில் கிரியாகோஸ் மார்க்கிடிஸ் நடத்திய ஆய்வு. அந்தத் தரவைக் கொண்டு 2009இல் வந்த கட்டுரை ஒன்று, தங்கள் மக்கள் அடர்த்தியாக வாழும் பகுதியில் இருந்த முதியவர்களுக்கு அறிவுத்திறன் மெதுவாகச் சரிந்தது என்றது. அதே கட்டுரைதான், பகுதி வறுமைப்பட்டதாக இருந்தால் சரிவு வேகம் என்றும் சொன்னது. இரண்டாவது பாதியைப் பலர் மேற்கோள் காட்டுவதில்லை. 'பரியோ' என்னும் அந்தப் பேட்டையின் மகிமையைப் பேசுவது சுகமாக இருக்கிறது, அங்கே உள்ள சர்க்கரை வியாதியையும் இரத்த அழுத்தத்தையும் பேசுவது அப்படி இல்லை. அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் கணக்குப்படி லத்தீனோ முதியவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு வெள்ளையரைப் போல ஒன்றரை மடங்கு. குடும்பப் பாசத்தால் குறைந்து குறைந்துதான் இந்த ஒன்றரையா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

லத்தீனோ என்ற ஒற்றைச் சொல்லே எங்கள் அறையில் நிற்பதில்லை. ஹம்போல்ட் பார்க்கிலிருந்து வரும் போர்த்தோ ரீக்கோ தாத்தா 1917 முதலே குடிமகனான இனத்தவர், குடியேற்றக் காகிதங்களைப் பற்றிப் பயமே கிடையாது. பில்சன் பாட்டிக்கு நாற்பது வருடமாகக் காகிதமே கிடையாது. ஊர் கேட்டாலே உதடு இறுகிவிடும். 'நாம் இப்போது இருக்கும் மாநிலம் எது?' என்பதற்குப் பதில் வராவிட்டால் அது மறதியா பயமா என்று நான் கண்டுபிடிக்க வேண்டும்.

தெரு என்ன செய்கிறது என்பதற்கு என்னிடம் புள்ளிவிவரம் இல்லை, ஒரு பாட்டி இருக்கிறார். பில்சன், பொஹீமியாவிலிருந்து வந்த செக் மக்கள் தங்கள் ஊர்ப் பெயரை வைத்த பேட்டை. செக் புனிதரின் பெயர் தாங்கிய கோயிலில் இன்றைக்கு ஸ்பானிஷ் பூசை நடக்கிறது. பெரிய வெள்ளிக்கிழமைகளில் பதினெட்டாம் தெரு வழியே ஏசுவைச் சிலுவையோடு நடத்திக் கூட்டிப்போகும் பாடுகளின் பவனி 1977இலிருந்து நடக்கிறது. அந்தத் தெருவில் இந்தப் பாட்டி வழி தவறியதே இல்லை, தவறவிட மாட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் அவர் கேட்கும் முன்பே அவருடைய வழக்கமான ரொட்டியை எடுத்து வைப்பார். சில்லறையைக் கையிலிருந்து அவரே எண்ணி எடுத்துக்கொள்வார். எதிர்த்திசையில் நடந்தால் சலூன்காரப் பையன் கைபிடித்துத் திருப்பிவிடுவான். வாடகை ஏறியது. இந்த நூற்றாண்டில் பில்சனை விட்டுப் போன மெக்சிகோக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கு. மகன் நல்ல பிள்ளை, நாற்பது மைல் மேற்கே பெரிய வீடு வாங்கி அம்மாவுக்குத் தனி அறையும் தனிக் குளியலறையும் கொடுத்தார். அங்கே நடந்து போக நடைபாதை இல்லை. போகவும் இடமில்லை. எட்டு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது எல்லாப் பிரிவிலும் கீழே போயிருந்தார். நோய் தன் பாட்டுக்கு முற்றியிருக்கலாம், இடமாற்றத்தால்தான் என்று எழுத எனக்கு உரிமை இல்லை, எழுதவும் இல்லை. "ரொட்டி நல்லாவே இல்லை, மீஹா" என்றார் பாட்டி, மகளே என்று பொருள். அவர் சொன்னதை மட்டும் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

படிவத்தில் 'பராமரிப்பவர்' என்றொரு கட்டம் இருக்கிறது. குடும்பம் என்று நிரப்புவார்கள். ஆறு பேர் எழுந்து நிற்கும் குடும்பத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுந்திருப்பது ஒருத்திதான் என்பது இரண்டாம் சந்திப்பில் தெரிந்துவிடும். கல்யாணமாகாத மகள், அல்லது விவாகரத்தான மகள், அல்லது வீடு பக்கத்தில் இருக்கிற குற்றத்துக்காக அகப்பட்ட மகள். அப்பாவின் சாவுப் படுக்கையில், அம்மாவை முதியோர் இல்லத்தில் விடமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தவள். தம்பிமார் ஞாயிற்றுக்கிழமை கோழியோடு வந்து, அம்மா மெலிந்துவிட்டாரே என்று குறைபட்டுவிட்டுப் போவார்கள். அப்படி ஒருவர், பகலில் அலுவலகங்களைத் துடைக்கிறவர், ஐம்பத்தெட்டு வயது. அம்மாவின் பரிசோதனை முடிந்த பிறகு கதவைச் சாத்திவிட்டு, "எனக்கும் ஒன்று எடுத்துப் பாருங்கள், சாவியை எங்கே வைத்தேன் என்றே தெரிவதில்லை" என்றார். அவருக்கு மறதிநோய் இல்லை. தூக்கம் இல்லை. ஐந்து நகரங்களில் நடந்த 'ரீச்' என்ற சோதனையின் முடிவு 2006இல் வந்தது. வீட்டுக்கே ஆளனுப்பிச் சொல்லிக்கொடுத்து, போனில் துணை நின்றால், பராமரிப்பவரின் வாழ்க்கை தேறுகிறது என்றும், லத்தீனோக் குடும்பங்களிலும் தெளிவான பலன் தெரிந்தது என்றும் அதில் இருந்தது. அந்த மகளுக்கு அப்படி யாரும் போகவில்லை. நான் கொடுத்தது ஒரு துண்டுப் பிரசுரம்.

எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது. அம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். தேதி கேட்டால் டக்கென்று சொல்வார். மகள் கெட்டிக்காரி, வீடியோவிலேயே பரிசோதனை எடுத்துவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் போன் சற்றுச் சாய்ந்தபோதுதான் பார்த்தேன், மதினி எதிரே நின்று நாள்காட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

2020இல் கிளினிக்கையும் மூடினார்கள், முதியோர் பகல் மையங்களையும் மூடினார்கள். அந்த வருடம் இலினாய் மாநிலத்திலேயே தொற்று மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் ஒன்று பக்கத்து லிட்டில் வில்லேஜ். மறுபடி திறந்தபோது பல நாற்காலிகள் காலி. வந்தவர்களிலும் பலர் பேச்சுக் குறைந்து வந்தார்கள். அதைப் பற்றி இப்போதும் எனக்கு அதிகம் எழுத வரவில்லை.

ஸகாத்தேகாஸ் பாட்டி திரும்பி வந்தார், கொமாத்ரேயோடு. போன மாதம் மையத்துக்குக் கண்காணிப்புக்குப் போயிருந்தேன். லொத்தெரியா ஆடிக்கொண்டிருந்தார்கள். நம் தம்போலா மாதிரி, ஆனால் எண்ணுக்குப் பதில் படம்: சேவல், நிலா, கடற்கன்னி, சப்பாத்திக் கள்ளி என்று ஐம்பத்து நாலு சீட்டு. ஒவ்வொருவர் முன்னாலும் பதினாறு கட்டம் போட்ட அட்டை. கூவுகிறவர் படத்தின் பெயரைச் சொன்னதும் தன் அட்டையில் அது இருந்தால் ஒரு பீன்ஸ் விதையை வைக்க வேண்டும். பாட்டி கடற்கன்னியைத் தவறவிட்டார். கொமாத்ரே அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை, கை மட்டும் நீண்டு விதையை வைத்துவிட்டு வந்தது. நிலா வந்தது, பாட்டியே வைத்தார். சேவல் வந்தது, கொமாத்ரேயின் கை. வரிசை நிறைந்ததும் பாட்டிதான் முதலில், "லொத்தெரியா!" என்று கத்தினார். மேசை முழுக்கச் சிரிப்பு.

என் படிவத்தில் 'விளையாட்டில் பங்கேற்பு' என்பதற்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. தனியாக, உதவியுடன். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொமாத்ரே என் தாளை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் ஓர் அட்டையை என் முன்னே நகர்த்தி, அதன் மேல் ஒரு பிடி பீன்ஸைக் கொட்டினார்.